மைக்கொம்பு என்று பெயர் வாங்கியவள்

கேரென்ஹப்பூக் ஊசானுக்கு ஐம்பத்திரண்டு வயதாகும்வரை, அவளை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான். அவளைப் பெற்ற அப்பா, கமூஸ் ஊசான். மற்றவர்களுக்கெல்லாம் அவள் வெறும் கேரென். ஓஃபாகிம் ஊரில் கேரென் என்று கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் ஹப்பூக் என்கிற அந்த வால் இவளுக்கு மட்டும்தான் உண்டு. நாடு முழுக்கத் தேடினாலும் எண்ணுவதற்கு ஒரு கை போதும்.

எபிரேயத்தில் கேரென் என்றால் கொம்பு. பூக் என்றால் கண்ணுக்குத் தீட்டுகிற மை. அந்தக் காலத்துப் பெண்கள் ஆட்டுக்கொம்பைக் குடைந்து அதில் மை வைத்துக்கொள்வார்களாம். ஆகவே மைக்கொம்பு. பெண் குழந்தைக்கு வைக்கிற பெயரா இது என்று கேட்காதீர்கள், வேதத்திலேயே இருக்கிறது. வேதத்தில் ஒரு பெரியவர் வருகிறார். ஆடு மாடு, ஏழு மகன்கள், மூன்று மகள்கள் எல்லாம் ஒரே நாளில் போய், உடம்பெல்லாம் புண் வந்து, சாம்பல்மேட்டில் உட்கார்ந்து ஓட்டாஞ்சில்லால் சொறிந்துகொண்டிருந்தவர். ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதர்கள் அதிகாரம் அதிகாரமாகப் பேசியே அவர் உயிரை வாங்கினார்கள். கடைசியில் கடவுள் மனமிரங்கி, போன சொத்தை இரட்டிப்பாகக் கொடுத்து, மறுபடியும் ஏழு மகன்களையும் மூன்று மகள்களையும் கொடுத்தார். மூத்தவள் யெமிமா, அடுத்தவள் கெத்சியா, கடைக்குட்டி கேரென்ஹப்பூக். முதல் இரண்டு பெயரையும் சனங்கள் இன்றைக்கும் ஆசையாக வைக்கிறார்கள். மூன்றாவதை மட்டும் மூவாயிரம் வருஷமாக யாரும் சீந்தவில்லை.

சீந்தியவர் கமூஸ். அதுவும் ஆசையில் இல்லை, ஆத்திரத்தில்.

கமூஸ் துனீசியாவின் ஜெர்பா தீவிலிருந்து இந்த யூதர் நாட்டுக்குக் கப்பலேறி வந்தவர். இறங்கிய இடத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா, “கமூஸா? அது அரபிப் பேரு. இனிமே நீ ஹனோக்” என்று எழுதிவிட்டான். அவர் மனைவி மெஸ்ஊதா ஒரே நிமிஷத்தில் ஓஷ்ரா ஆகிப்போனாள். மாட்டுக்குக்கூடக் கொம்பைத் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் பேர் மாற்றுவார்கள். கமூஸ் அதை மனதில் வைத்துப் பத்து வருஷம் கறுவினார். மகள் பிறந்ததும் பதிவு அலுவலகத்துக்குப் போனார். அங்கே வேறொரு குமாஸ்தா.

“பேரு?”

“கேரென்ஹப்பூக்.”

“அப்படி ஒரு பேரே கிடையாதுங்க. ஓரித்னு வைங்க, இலானான்னு வைங்க. நல்ல எபிரேயப் பேரா நாலு சொல்றேன்.”

கமூஸ் அக்குளில் இடுக்கியிருந்த வேதத்தை எடுத்து மேசைமேல் டொம்மென்று போட்டார். “எபிரேயம்தானே வேணும் உங்களுக்கு? இந்தாங்க, மூவாயிரம் வருஷத்துச் சரக்கு. மென்னு முழுங்குங்க.”

குமாஸ்தா தேடிப் படித்தான், திருதிருவென்று முழித்தான், எழுதிக்கொண்டான். கமூஸ் சண்டையில் ஜெயித்த மாதிரி வீட்டுக்கு வந்தார். ஜெயித்தது அவர், சுமந்தது பிள்ளை. நம்ம ஆண்கள் எல்லாப் போரையும் இப்படித்தான் நடத்துகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் முதல் நாளே வாலை வெட்டிவிட்டாள். வெட்டினாலும் பையன்கள் விடுவார்களா? இப்போதைய பேச்சில் பூக் என்றால் பறவை இறகு திணித்த குளிர்காலப் போர்வை. “போர்வை, கொஞ்சம் தள்ளிப்படு” என்று வாசலிலேயே ஆரம்பிப்பார்கள். அதையாவது பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேதத்தில் அவள் பெயருக்குப் பக்கத்திலேயே வருகிற ஒரு சங்கதி. சாம்பல்மேட்டுப் பெரியவரின் மகள்களைப் போல அழகிகள் நாடு முழுக்கத் தேடினாலும் கிடைக்கவில்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. நம்ம கேரெனுக்கு ஒரு கண் லேசாக மூக்கைப் பார்க்கும். முன்பல் இரண்டும் வாசலுக்கு வந்து நிற்கும். பாவம், கட்டைப்பிள்ளை. அண்ணன் பென்சியோன் விருந்தாளி யார் வந்தாலும் அவளைக் கூடத்துக்கு இழுத்துவருவான்.

“பாத்துக்கங்க. நாடு பூரா தேடினாலும் கெடைக்காத அழகி. வேதத்துலயே சொல்லியிருக்கு.”

விருந்தாளி சிரிப்பார், அம்மா தலைத்துணி நுனியால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள், அப்பாகூட மீசைக்குள் சிரிப்பார். கேரென் சமையலறைக்கு ஓடிப்போய்ப் பாத்திரம் கழுவுவாள். அந்த வசனத்தைக் காதில் கேட்டுக் கேட்டே அவளுக்கு அந்த ஏட்டின்மேல் வெறுப்பு வந்துவிட்டது. வேதத்தில் மற்ற எல்லாவற்றையும் படிப்பாள். சாம்பல்மேட்டுப் பெரியவர் வருகிற பக்கம் வந்தால் கொத்தாகத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள்.

பெண் பார்க்க மூன்று தடவை வந்தார்கள். கடைசியாக வந்த பையனின் அம்மா, “பேரு என்னம்மா?” என்று கேட்டாள். கேரென் முழுசாகச் சொன்னாள். “அடேயப்பா, கல்யாணப் பத்திரிகையில இதுக்கே ரெண்டு வரி போயிடுமே” என்றாள் அந்த அம்மாள். டீயைக் குடித்தார்கள், பிஸ்கட்டைத் தின்றார்கள், போனார்கள். அதோடு சரி.

பிறகு ஊர்ச் சிகிச்சை நிலையத்தில் சீட்டுக் கொடுக்கிற வேலை. இருபத்தொன்பது வருஷம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, இருமுகிறவர்களையும் பொய்யாக இருமுகிறவர்களையும் வரிசையில் அனுப்பினாள். அம்மா போனாள். அண்ணனும் தம்பியும் கல்யாணம் பண்ணிக்கொண்டு வெளியே போனார்கள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பதினோரு வருஷம் குளிப்பாட்டி, முதுகு புண்ணாகாமல் திருப்பிப் படுக்கவைத்து, அவருக்குப் பிடித்த கீரையும் அவரை விதையும் போட்ட குழம்பை மசித்து ஊட்டியவள் கேரென்தான். மகன்கள் சனிக்கிழமை ஓய்வுநாள் முடிந்ததும் போன் பண்ணுவார்கள். “அப்பா எப்படி இருக்காரு? ஸ்பீக்கர்ல போடு.” போடுவாள். “அப்பா, நல்லாயிருங்க!” என்று கத்திவிட்டு வைத்துவிடுவார்கள். கத்தினதோடு கடமை முடிந்தது.

கமூஸ் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை போனார், மத்தியானம் புதைத்தாயிற்று. எங்களிடம் பிணம் காத்திருக்காது. காத்திருப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏழு நாள் துக்கம் அப்பா வீட்டிலேயே நடந்தது. தரைத்தளத்தில் மூன்று அறை. கண்ணாடிகளைத் துணியால் மூடினார்கள். பிள்ளைகள் தரையில் மெத்தை போட்டு உட்கார்ந்தார்கள், ஆண்கள் கூடத்தில், பெண்கள் உள் அறையில். சட்டையைக் கிழித்துக்கொள்கிற சடங்குக்கு பென்சியோன் மறக்காமல் பழைய சட்டையாகப் பார்த்துப் போட்டு வந்திருந்தான். தம்பி ரஹமீம் வாடகை நாற்காலி வியாபாரம் பண்ணுகிறவன். வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி நாற்பதை இறக்கிவிட்டான். ஒவ்வொன்றின் முதுகிலும் அவன் பெயரும் போன் நம்பரும், கீழே ‘இன்பத்திலும் துன்பத்திலும்’ என்று நீல எழுத்து. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஏழு நாளும் முன்வரிசை முதுகைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பென்சியோனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவனுக்குக் கல்யாண மண்டபத்தில் வேலை. சமையல் வேத விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கிற கண்காணிப்பாளன். கீரை இலை ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே பிடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பூச்சி தேடுவான். கொசு முட்டையைவிடச் சின்னதாக ஒன்று தென்பட்டாலும் கூடையோடு தூக்கிப் போட்டுவிடுவான். அவ்வளவு சுத்தம். அப்பாவின் படுக்கையைப் பார்க்க மட்டும் அந்தக் கண்ணுக்குப் பார்வை போதாது.

முதல் நாள் சாயந்தரம், ஜெபக்கூடத்தைத் திறந்து மூடிக் கவனித்துக்கொள்கிற கிழவர் மக்லூஃப் ஒரு யோசனை சொன்னார்.

“துக்கக்காரங்க வேதம் படிக்கக்கூடாது, படிச்சா மனசு சந்தோஷப்பட்டுரும். ஆனா சாம்பல்மேட்டுப் பெரியவர் கதை படிக்கலாம். அதைப் படிச்சு எவன் சந்தோஷப்பட்டான்? நாப்பத்திரண்டு அதிகாரம். ஓய்வுநாள்ல துக்கம் கெடையாது, அது போனா ஆறு நாள். நாளுக்கு ஏழு. கணக்கா முடியும். கமூஸுக்கு அந்தக் கதைன்னா உசுரு. முழுசும் மனப்பாடம்.”

“நானே வாசிக்கிறேன்” என்றான் பென்சியோன். அவனுக்குத் தன் குரல்மேல் ஒரு பிரியம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தான். அந்தப் பெரியவர் தான் பிறந்த நாளைச் சபிக்கிற இடம் வந்தபோது அப்படி உருகினான், உள்ளே பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். “பதினோரு வருஷமா இந்த உருக்கத்தை எங்க பூட்டி வெச்சிருந்தான்?” என்றாள் பக்கத்து வீட்டு ஃபோர்ட்டூனா. யாருக்கும் கேட்காத மாதிரி, எல்லோருக்கும் கேட்கும்படி.

மூன்றாம் நாள் அண்ணி மசால் சமையலறைக்கு வந்தாள். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் எதையாவது ஆசீர்வதித்துத் தின்றால்தான் செத்தவர் ஆத்துமா மேலே ஏறும் என்பார்கள். அதற்காக கேரென் பேரீச்சம்பழமும் பொரிகடலையும் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மற்ற வீடுகளில் துக்கக்காரி தட்டைத் தொடமாட்டாள். இங்கே அவளைத் தவிர டப்பா எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

“கேரென், ஒரு சின்ன விஷயம். திங்கக்கிழமை காலையில துக்கத்துலேருந்து எந்திரிச்ச உடனே நம்ம மதக் கோர்ட்டு, ரப்பி மன்றத்து எழுத்தர் வருவாரு. ஒரு கையெழுத்துப் போடணும்.”

“என்ன கையெழுத்து அண்ணி?”

“விடுதலைப் பத்திரம்தான். நம்ம வழக்கம் தெரியாதா உனக்கு? சொத்து ஆம்பளைப் பிள்ளைங்களுக்கு. அரசாங்கச் சட்டம் மூணு பேருக்கும் சமம்னு சொல்லுதாம். அதுக்காகப் பொம்பளைப் பிள்ளை மனமுவந்து எழுதிக் குடுத்திருவா. ஊர் உலகத்துல நடக்கிறதுதானே?”

“அப்போ வீடு?”

“விக்கணும்ல? ஆள் கூடப் பாத்தாச்சு. உனக்கென்ன கவலை, ஒத்தைக்கட்டை. எங்க வீட்டுல ஆறு மாசம், ரஹமீம் வீட்டுல ஆறு மாசம். எங்க வீட்டுல பசங்களோட ரூம்ல ஒரு கட்டில் போட்டுக்கலாம். ரஹமீம் குடோன்லயும் ஒரு ரூம் இருக்கு, ஜன்னல் வெச்சதுதான்.”

கேரென் பொரிகடலை டப்பாவை மூடினாள். அவளுக்கு வாய் உண்டு. சிகிச்சை நிலையத்தில் வரிசையை மீறுகிறவனை அவள் ஒரு வார்த்தையில் கடைசிக்கு அனுப்பிவிடுவாள். வீட்டில்தான் அந்த வாய்க்குச் சாவி தொலைந்துவிடும். தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். இந்த அடுப்படி, அப்பாவின் கட்டில் போட்டிருந்த அறை, தன் ஜன்னல், எல்லாம் திங்கட்கிழமையோடு போய்விடும். ஐம்பத்திரண்டு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வீடு மாறுகிற விதியா?

ஃபோர்ட்டூனாவிடம் சொன்னாள். ஃபோர்ட்டூனா பொரிகடலையை மென்றுகொண்டே சீறினாள்.

“அடியே மக்கு! கையெழுத்தை வாங்கிட்டு அந்த நாற்காலி குடோன்ல நாற்காலியோட நாற்காலியா அடுக்கி வெப்பானா உன்னை?”

“வழக்கம்னு சொல்றாங்களே ஃபோர்ட்டூனா. வேதத்துல அப்படித்தான் இருக்காம். ரப்பி மன்றத்துல போய் நான் என்ன பேச முடியும்?”

“வேதத்துல இருக்கோ இல்லையோ, பென்சியோன் வாயில இருக்கு” என்றாள் ஃபோர்ட்டூனா. அவளும் தன் அண்ணன்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள்தான்.

வெள்ளிக்கிழமை போயிற்று, ஓய்வுநாள் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் பென்சியோன் முப்பத்தைந்தாம் அதிகாரத்தை முடித்துவிட்டு, மறுநாளைக்கு எவ்வளவு பாக்கி என்று பக்கங்களைப் புரட்டிப் பார்த்தான். கேரென் அப்போது காலி கோப்பைகளை எடுக்கக் குனிந்திருந்தாள். புரட்டிக்கொண்டே போன விரல் கடைசிப் பக்கத்தில் நின்றது. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. கீரையில் பூச்சியைக் கண்டால் அவன் முகம் அப்படித்தான் ஆகும். படக்கென்று மூடிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“என்ன அண்ணே?”

“ஒண்ணுமில்லை. நாளைக்குச் சீக்கிரம் முடிக்கணும்.”

திங்கட்கிழமை காலை வீடு நிரம்பிவிட்டது. ஏழாவது நாள் முழுசாக உட்காரவேண்டியதில்லை. காலைத் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே அன்றைய துக்கம் கணக்கில் வந்துவிடும். பிறகு பெரியவர் யாராவது “எழுந்திருங்கள்” என்பார். எழுந்ததும் கல்லறைக்குப் போகவேண்டும். எழுத்தர் தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தார். துக்கம் முடிகிறவரை வியாபாரம் பேசக்கூடாது என்பது விதி. அதனால் பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

பென்சியோன் ரயில் வேகத்தில் வாசித்தான். மழை, இடி, காட்டுக்கழுதை, தீக்கோழி, போர்க்குதிரை, கடைசியில் தண்ணீரில் கிடக்கிற அந்தப் பெரிய மிருகம். நாற்பத்தோராம் அதிகாரம் முடிந்தது. புத்தகத்தை மூடி முத்தமிட்டான்.

“போதும். நேரமாச்சு. மக்லூஃப் பெரியப்பா, எந்திரிக்கச் சொல்லுங்க.”

“இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குடா. பெரியவருக்கு எல்லாம் திரும்பக் கெடைக்குற இடம்.”

“அதான் எல்லாருக்கும் தெரியுமே. துக்க வீட்டுல நல்ல சேதி எதுக்கு? நல்லாவும் இல்லை, விதிக்கும் ஒத்துவராது.”

உள் அறை வாசலில் நின்றிருந்த கேரெனுக்குச் சுருக்கென்றது. நாற்பத்தைந்து வருஷமாக விருந்தாளிக்கு விருந்தாளி, கல்யாணத்துக்குக் கல்யாணம் அவளை நிற்கவைத்து அந்த வசனத்தைச் சொல்லிச் சிரித்தவன் இவன். வாய்ப்புக் கிடைத்தால் விடுகிற ஆளே இல்லை. இன்றைக்கு வீடு நிறைய ஆள் இருக்கிறது, புத்தகம் கையில் இருக்கிறது, அவள் பெயர் வருகிற அதிகாரத்தை மட்டும் ஏன் விட்டுவிட்டான்? அண்ணனுக்கு அவள்மேல் இரக்கம் வந்துவிட்டதா? அவன் இரக்கத்தை அவள் அறியாதவளா?

ஆண்கள் உட்கார்ந்த கூடத்துக்குள் நேராக நடந்தாள். மசால் பின்னாலிருந்து பாவாடையைப் பிடித்து இழுத்தாள், நிற்கவில்லை.

“குடு அண்ணே.”

“என்னது?”

“புஸ்தகத்தைக் குடு. பாக்கியை நான் வாசிக்கிறேன்.”

“பொம்பளைங்க இங்க எதுக்கு? போ உள்ள.”

“எனக்கும்தான் அவரு அப்பா. குடு.” அவன் கொடுக்கவில்லை, அவளே உருவி எடுத்தாள். வாழ்நாளெல்லாம் கொத்தாகத் தள்ளிவிட்ட பக்கங்களைத் திறந்தாள். கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, சீட்டுக் கொடுக்கிற இடத்துக் குரலில், பின்வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தாள். சொத்து இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. சொந்தக்காரர்கள் திரும்பி வந்தார்கள், எல்லாம் சரியான பிறகு வருகிற சொந்தக்காரர்கள். ஏழு மகன்கள், மூன்று மகள்கள். யெமிமா, கெத்சியா. தன் பெயர் வந்தது. பிறகு அந்த அழகிச் சங்கதி வந்தது. பின்வரிசையில் யாரோ வழக்கம்போலக் களுக்கென்று சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. அதே வசனம் பாதியிலிருந்து தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. அந்தப் பாதியை அவள் பிறந்ததிலிருந்து ஒருத்தரும் அவளுக்குச் சொன்னதில்லை.

அவர்களுடைய தகப்பனார் அந்தப் பெண்களுக்கும் அவர்களுடைய அண்ணன் தம்பிகளின் நடுவிலேயே சொத்தில் பங்கு கொடுத்தார் என்று இருந்தது.

கேரென் படித்துவிட்டு நின்றாள். மறுபடி அந்த வரியை விரலால் தொட்டு, மெதுவாக இன்னொரு தடவை வாசித்தாள். கூடத்தில் பொரிகடலை மெல்கிற சத்தம் நின்றுவிட்டது.

“இது எத்தனை நாளா இதுல இருக்கு?” என்றார் மக்லூஃப். எழுபது வருஷமாகப் படித்தவர்.

“ஆரம்பத்துலேருந்தே இருக்கு பெரியப்பா. எல்லாரும் முன்பாதியோடயே சிரிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டீங்க” என்றாள் கேரென். அண்ணன் பக்கம் திரும்பினாள். “நேத்து சாயந்தரம் நீ பாத்துட்டே.”

பென்சியோன் மென்று விழுங்கினான். பிறகு சுதாரித்துக்கொண்டான். சட்டம் பேசுகிறவன் சும்மா விடுவானா?

“சரி, இருக்கட்டும். அவரு குடுத்தாரு, அவரு இஷ்டம். நம்ம அப்பா குடுத்தாரா? ஒரு வார்த்தை சொன்னாரா? எங்கயாவது எழுதி வெச்சாரா?”

இது சரியான இடத்தில் விழுந்த அடி. கேரெனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பதினோரு வருஷம் அவள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த ஒரு வார்த்தை அதுதான். கிழவர் கேட்டதெல்லாம் தண்ணீரும் தலையணையும்தான்.

“இல்லை அண்ணே. சொல்லலை, எழுதலை. அவரு எனக்குப் பேரை மட்டும்தான் குடுத்தாரு. அந்தப் பேரால நான் பட்டது எல்லாத்தையும் நான் ஒருத்தியே பட்டேன், நீங்க யாரும் அதுல பங்குக்கு வரலை. இப்போ அந்தப் பேரோட சேர்ந்து வர்றதை நானே எடுத்துக்கறேன். கையெழுத்துப் போட மாட்டேன்.”

“அப்படிப் போடுடி ராசாத்தி!” என்று உள் அறையிலிருந்து ஃபோர்ட்டூனா கத்தினாள். போடு என்கிறாளா, போடாதே என்கிறாளா என்று யாரும் குழம்பவில்லை.

ரஹமீம் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். நாற்பது நாற்காலியும் நிரம்பியிருந்தது, நாற்பது பேரும் அவனைத்தான் பார்த்தார்கள். வருகிற மாதத்தில் இவர்கள் வீட்டிலெல்லாம் கல்யாணமோ சாவோ எதுவாவது ஒன்று நடக்கும். துக்க வீட்டில் அக்காவைத் துரத்தினவன் என்று பெயர் கெட்டுப்போனால் பக்கத்து ஊர்க்காரனிடமிருந்து நாற்காலி வரும். பாசம் அவனுக்குப் பொங்கிவிட்டது.

“அக்கா! நான் எப்பவாவது உன்னைப் போகச் சொன்னேனா? நீ இருக்குற வரைக்கும் என் பங்கை விக்க மாட்டேன். எல்லாரும் கேட்டுக்கங்க, ரஹமீம் சொல்றேன்!” எழுந்து நின்று சொன்னான். போன் நம்பரை மட்டும் சொல்லவில்லை.

எல்லாரும் ஆமென் என்றார்கள். அடுத்து எல்லார் கண்ணும் பென்சியோன் பக்கம் போயிற்று. அவன் கிழிந்த சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

“நான் மட்டும் என்ன, கல்லா? இருந்துட்டுப் போகட்டும்” என்றான் கடைசியில், பல்லைப் பிடுங்கிக் கொடுக்கிற மாதிரி.

எழுத்தர் பேனாவை மூடினார். “மனமுவந்துன்னு பத்திரத்துல நாலு எடத்துல எழுதியிருக்கு. இங்க ஒரு எடத்துலயும் காணோம். நான் வர்றேன்.” போகிறபோது ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து, ஆசீர்வதித்து, வாயில் போட்டுக்கொண்டு போனார். மக்லூஃப், “எழுந்திருங்கள்” என்றார். எழுந்தார்கள்.

கல்லறையில் இன்னும் கல் நடவில்லை. மண்மேட்டில் ஒரு தகரப் பலகை மட்டும் குத்தியிருந்தது. ஆண்கள் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்து, வழக்கப்படி ஆளுக்கு ஒரு கூழாங்கல்லை மேட்டில் வைத்துவிட்டு, வெயிலுக்குப் பயந்து வண்டிகளை நோக்கி நடந்தார்கள். கேரென் போகவில்லை. ஏழு நாளும் அழுதவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தவள், மண்மேட்டுக்கு முன்னால் நின்று வெடித்தாள்.

“அப்பா! உங்களுக்கு மனப்பாடம்தானே? முன்பாதி தெரிஞ்ச உங்களுக்குப் பின்பாதி தெரியாதா? அந்தக் குமாஸ்தா மேசையில போட்டுக் காட்டத் தெரிஞ்சுதுல்ல? வீட்டுல உக்காந்து ஒரு வரி எழுதி வெக்கத் தெரியலையா? உங்க பிள்ளைங்க முன்னாடி நான் புஸ்தகத்தைப் பிடிச்சுக்கிட்டுப் பிச்சைக்காரி மாதிரி நின்னேன்ப்பா. இந்தக் கையாலதானே தினம் உங்களைத் திருப்பிப் போட்டேன்!”

வண்டிக்குப் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மக்லூஃப் ஓடிவந்து அவள் தோளைத் தொட்டார்.

“கத்தாதம்மா. செத்தவங்களுக்கு எங்க கேக்கப்போகுது?”

“உசுரோட இருந்தப்பவும் கேக்கலை பெரியப்பா” என்றாள் அவள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டாள். குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கினாள், சின்னதாக இருந்தது, போட்டுவிட்டு நல்ல பெரிய கல்லாகத் தேடி எடுத்து அப்பாவின் தலைமாட்டில் வைத்தாள். மசால் வண்டியிலிருந்து, “ஏறு கேரென், வழியில இறக்கி விடறோம்” என்று கூப்பிட்டாள். வேண்டாமென்று தலையாட்டினாள். பையில் சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.